மருதையன் ஜீப்பில் நான்கு வேலைகள்

மருதையன் அந்த ஜீப்பைக் கொண்டுவந்து காரைக்காலில் என் பட்டறை வாசலில் நிறுத்தியபோது புரட்டாசி முடிய நான்கு நாள் இருந்தது. ராணுவம் கழித்துவிட்ட வண்டி. இரண்டு பேர் கை மாறி, மண்டபத்தூர் கரையிலிருந்து மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. மீன் வாடையை மீறி அதில் ஏதோ தூரதேசத்துத் தூசியின் மணம் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

"மழைக்கு முன்னாடி இதத் தேத்திக் குடுங்க பாய். அல்லிக்கு மார்கழியில நாளு."

அல்லி அவன் மனைவி. போன வருடம் இதே மழைக்காலத்தில், நிறைமாதமாக இருந்தவளை மாட்டு வண்டியில் ஏற்றிக் கோட்டுச்சேரி சாலைக்குக் கொண்டுவரும் வழியில் தலைச்சன் பிள்ளை போய்விட்டது. அதற்காகத்தான் இந்த ஜீப்.

சுற்றிப் பார்த்தேன். நான்கு வேலைகள் தெரிந்தன. முன் சக்கரங்களுக்கு ஓட்டம் கொடுக்கும் ஷாப்ட், பின்னால் கூடைகளுக்கு அடியில் துருவேறிக் கிடந்தது. பெட்ரோல் மிச்சமாகும் என்று பழைய சொந்தக்காரன் கழற்றிப் போட்டிருந்தான். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய வண்டி இரண்டு சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டயர்கள் வழுக்கை. மேலே கூரை இல்லை. ஸ்பிரிங் கல் மாதிரி.

"மொதல்ல ஷாப்டு, அப்பறம் டயரு, கூரையெல்லாம் பொறவு. ஸ்பிரிங்கத் தொடவே வேணாம்" என்றேன்.

"ஸ்பிரிங்குதான் மொதல்ல பாய்."

"ஏன்டா?"

"குலுக்கல்லதானே போச்சு."

அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த மாட்டு வண்டிப் பயணத்தில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன். இரண்டே நாள்தான் வண்டியை விட முடியும், மூன்றாம் நாள் மீன் ஏற்ற வேண்டும் என்றான். ஷாப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் தேய்ந்துபோயிருந்தது. புதியது சென்னையிலிருந்து வரவேண்டும். அதுவரை சும்மா நிற்பானேன் என்று, நான்கு ஸ்பிரிங்கிலும் அடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகளில் இரண்டிரண்டை உருவிவிட்டேன். ஒரு தார்ப்பாய்க் கூரையும் போட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தொட்டில் மாதிரி இருக்கு பாய்" என்றான். அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பட்டையை உருவினால் வண்டி தாழும் என்பது எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டிருந்தான், அதனால் சொல்லவில்லை.

"மழை புடிக்கறதுக்குள்ள அவளக் காரைக்காலுக்குக் கொண்டாந்து வச்சிடு" என்று மட்டும் சொன்னேன்.

"எட்டு மாசம் முடியறதுக்குள்ள எடம் மாத்தக் கூடாதுங்குது மாமியா. ஒம்போது பொறந்த அன்னிக்கே அவ சித்தி வூட்டுல கொண்டாந்து எறக்கிடுவேன்."

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் காலையில் கிராஸ் வந்து சேர்ந்தது. அவர்கள் கணக்கில் ஒன்பது பிறக்க இன்னும் ஐந்து நாள். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய கிராஸோடும் ஸ்பேனர்களோடும் பஸ் ஏறிக் கோட்டுச்சேரியில் இறங்கி, கரைப்பாதையில் நடந்தேன். பாதி வழியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு பாதையை அறுத்திருந்தது. இறங்கிக் கடந்தேன். முழங்கால் தண்ணீர், அடியில் களி.

வீட்டை அடைந்தபோது மருதையன் அல்லியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தான். அவள் புடவை நனைந்திருந்தது. மழையில் நனைந்த நனைவு அல்ல அது.

"பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு பாய்!"

"ஒரு மணி நேரம் குடு மருதையா. ஷாப்ட மாட்டிடறேன். அது இல்லாம வண்டி அந்த ஒடப்பத் தாண்டாது."

"நீங்க தாண்டித்தானே வந்தீங்க? எவ்ளோ தண்ணி?"

"முழங்கால்."

"முழங்காத் தண்ணிதானே!"

அவன் மாமியார் சின்னப்பிள்ளை பின்சீட்டில் ஏறிக் கையை நீட்டினாள். "வண்டிக்குச் சிங்காரம் அப்பறம் பண்ணலாம். எம் பொண்ணு கத்துறது காதுல வுழலயா பாய்? ஏறுங்க."

வண்டிச் சாவியைப் பிடுங்கியிருக்கலாம். வண்டி நான்கு விரல் தாழ்ந்திருக்கிறது, அடிவயிறு தட்டும் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அல்லி பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் பின்னால் ஏறி, துருவேறிய ஷாப்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

உடைப்பில் முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரமும் இறங்கியது. அடியில் ஏதோ அழுத்தமாக உட்காரும் சத்தம் கேட்டது. மருதையன் மிதித்தான். பின்சக்கரங்கள் சுழன்று சேற்றை வாரி இறைத்தன. வண்டி அசையவில்லை.

"மிதிக்காத! இன்னும் பொதையும்!"

குதித்தேன். அடியில் கையை விட்டுப் பார்த்தேன். கை நுழைய இடம் இல்லை. பட்டையை உருவாமல் இருந்திருந்தால் அங்கே நான்கு விரல் இடம் இருந்திருக்கும். இது என் ஒருவனுக்குத்தான் தெரிந்தது. அல்லி அலறினாள். மருதையன் ஆள் கூட்டிவரக் கரையை நோக்கி ஓடினான்.

அவன் வருவதற்குள் பாதை மேட்டில் உட்கார்ந்து பழைய கிராஸைத் தட்டிக் கழற்றிப் புதியதை அடித்து ஏற்றினேன். அவசரத்தில் சுத்தியல் இரண்டு முறை விரலில் விழுந்தது. சின்னப்பிள்ளை தார்ப்பாய்க்குள்ளிருந்து தன் குலதெய்வத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள்.

மழையால் கடலுக்குப் போகாத எட்டுப் பேர் வந்தார்கள். படகைத் தோளில் தூக்கும் கழிகள் இரண்டைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் மாரிக்கண்ணு. கழிகளை முன்பக்கத்துக்கு அடியில் கொடுத்து, பக்கத்துக்கு நான்கு பேராக நின்றார்கள்.

"தூக்கறது தூக்கிடுவோம். எவ்ளோ நேரம் தாங்கணும் பாய்?"

"எட்டு நட்டு."

"நட்டுக் கணக்கு எனக்கு எதுக்கு? மூச்சுக் கணக்கு சொல்லுங்க."

"தெரியல அண்ணே."

"சரி. உள்ள போயித் தூங்கிடாதீங்க."

வண்டி எழும்பியது. மல்லாந்து நுழைந்தேன். தண்ணீர் காதை மூடியது. தளத் தகட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே முகம் மட்டும் இருக்கும் அளவு காற்று இருந்தது. ஸ்பேனரைக் கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் கண். கியர்ப்பெட்டிப் பக்கம் நான்கு நட்டும் ஏறின. முன் அச்சுப் பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை அமிழ்த்தினேன். ஒன்று. வெளியே வந்து மூச்சு. மறுபடி உள்ளே.

முகத்துக்கு நேர் மேலே ஒரு தகட்டின் கனத்துக்கு அப்பால் அல்லி இருந்தாள். அவள் காலை உதைத்தபோது தகடு என் நெற்றியில் அதிர்ந்தது. உலகத்தில் அந்தத் தகடும் அவள் குரலும் களியும் தவிர வேறொன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது. பிறகு குரல் நின்றது. அலறலைவிட அது பயங்கரமாக இருந்தது.

"கை வழுக்குது பாய்!" மாரிக்கண்ணு கத்தினார். வண்டி ஒரு விரல் இறங்கியது. என் மூக்கு தகட்டில் இடித்தது.

மூன்றாவது ஏறியது. நான்காவது நட்டு விரலிலிருந்து நழுவிச் சேற்றுக்குள் போனது. துழாவினேன். இல்லை. விட்டுவிட்டு வெளியே உருண்டேன்.

"எடு மருதையா! முன்சக்கரத்துக்கும் ஓட்டம் குடு, மெதுவா!"

முன்சக்கரங்கள் முதலில் வழுக்கின, பிறகு எதையோ பற்றின. எட்டுப் பேரும் பின்னால் போய்த் தள்ளினார்கள். கிழ மாடு எழுந்திருப்பதைப்போல வண்டி முனகிக்கொண்டு மேட்டில் ஏறியது. மருதையன் நிற்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பின்கதவைப் பிடித்துத் தொங்கினேன்.

அல்லிக்கு நினைவு இல்லை. காரைக்கால் வரும்வரை சின்னப்பிள்ளை அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் அரை மணிக்குள் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குப் பயமில்லை என்றார் டாக்டரம்மா. குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு, "ரொம்பச் சின்னது. மூணு நாள் போகட்டும்" என்றார்.

அந்த மூன்று நாளும் பட்டறையைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படியிலேயே கிடந்தேன். தொழுகையில்கூட வாயில் வந்தது வேறு எதுவுமில்லை. நான்கு விரல், நான்கு விரல்.

நான்காம் நாள் காலையில் குழந்தை பஞ்சில் நனைத்த பாலைச் சப்பியது. மதியம் தானாகவே முலையைத் தேடியது. "இனிமே இது பொழச்சுக் கெடக்கும்" என்றாள் நர்ஸ்.

வாசலில் மருதையன் எனக்கு டீ வாங்கி வந்தான். "ஒங்களாலதான் பாய். நீங்க மட்டும் அன்னிக்கி வரலேன்னா…"

"நிறுத்து" என்றேன். "வண்டி ஏன் மாட்டிச்சு தெரியுமா?"

"சேறு."

"நான் பட்டைய உருவினேன்ல, அதுல வண்டி தாழ்ந்துபோச்சு. அடி தட்டித்தான் உக்காந்துச்சு. இல்லேன்னா தாண்டியிருக்கலாம்."

டீக் கோப்பையை அவன் இன்னும் நீட்டிக்கொண்டே நின்றான்.

"தாழும்னு அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"நான் கேட்டதுக்கு வேணாம்னு சொன்னீங்களே."

"வேணாம்னு சொன்னேன். ஏன்னு சொல்லல. சொல்லியிருந்தா நீ கேட்டிருப்ப."

உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை வந்தது. காகிதம் கிழிவதைப்போல மெல்லிய குரல். அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்றான். அடிப்பான் என்று காத்திருந்தேன். டீயைப் படியில் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஜீப் சாவியை எடுத்து என் கையில் திணித்தான்.

"எது மொதல்ல, எது அப்பறம்னு நீங்களே பாத்துச் செய்யுங்க. இனிமே எங்கிட்ட கேக்காதீங்க."

"கேப்பேன்" என்றேன். "எல்லாத்தையும் சொல்லிட்டுக் கேப்பேன்."

அவன் உள்ளே போனான்.