பதினாறு பிட்டில் அடங்காத பெருக்கல்

புயல் கடந்த மறுநாள், தெற்கே ஒரு மருத்துவமனையில் எங்கள் நிறுவனம் செய்த நோயாளி கண்காணிப்புக் கருவி நாற்பது நிமிடம் செயலிழந்து நின்றது. எட்டாம் படுக்கை முதியவருக்கு ஆக்சிஜன் இறங்கியபோது எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. மருந்து கொடுக்க வந்த நர்ஸ் அவர் உதடு நீலமாகியிருந்ததைப் பார்த்ததால் உயிர் தப்பியது. பேச்சு திரும்பவில்லை.

செய்தி ஷின்சூ நகரிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்ததும் கூட்டம் போட்டார்கள். மேலாளர் ஷாவ் கருவியிலிருந்து பதிவுகளை வாங்கும் டிரைவர் நிரலின் மாற்றப் பட்டியலைத் திறந்தார். கடைசியாகக் கைவைத்தவன் எங்கள் குழுவின் கெங்-ஹுவா.

"ஒரு தடவைக்கு ஐந்நூறு பதிவுன்னு இருந்த வரம்பை நாலாயிரமாக்குனது நீதானே?"

"நெட்வொர்க் அறுந்தா பதிவு எதுவும் தொலையக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிக்காரங்கதான் கேட்டாங்க, சார்."

"கேட்டா, கீழ என்ன எழுதியிருக்குன்னு பாக்க மாட்டியா?"

நான் குனிந்து குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்ததை ஆறு வருடத்துக்கு முன் எழுதியவள் நான்.

நாடி, ஆக்சிஜன் அளவுகளின் பதிவுகள் எத்தனை வருகின்றன என்று கருவி முதலில் சொல்லும். அதைப் பதிவுக்கு இருபத்துநான்கு பைட் என்று பெருக்கி, தலைப்புக்குப் பதினாறு கூட்டி, அவ்வளவு நினைவகம் கேட்க வேண்டும். விடையைப் பதினாறு பிட் மாறியில் வைத்திருந்தேன். 65,535 வரைதான் அதில் அடங்கும்; தாண்டினால் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். புயலில் இணைப்பு அறுந்து தேங்கிய 2,731 பதிவுகள், இணைப்பு திரும்பியதும் ஒரே மூச்சில் வந்தன. 65,560 பைட் கேட்க வேண்டிய டிரைவர், வெறும் 24 கேட்டது. மிச்சத்தையெல்லாம் பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதித் தள்ளியது; கருவி நின்றுபோனது.

மதியம் கெங்-ஹுவா சோற்றுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"அக்கா, தப்பு என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றாரு. போன மாசந்தான் குழந்தை பொறந்துச்சு."

"அந்தப் பெருக்கலைப் பாத்தியா?"

"பாத்தேன். யாரு எழுதுனதுன்னும் பாத்தேன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கூட்டத்துல நீங்களே சொல்லுவீங்கன்னு உக்காந்திருந்தேன்."

ஷாவின் அறைக்குப் போனேன்.

"அறிக்கையில தப்பான பேரு போகுது, சார். பெருக்கல் என்னோடது. அவன் வரம்பை ஏத்துனப்ப சரிபாத்து ஒப்புதல் குடுத்ததும் நான்தான்."

"உனக்குப் பதவி உயர்வு வர்ற நேரம். இப்ப எதுக்கு இதைக் கிளறுற?"

நான் நகரவில்லை. "அப்ப நீயே எழுது" என்றார்.

தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு நிரலிலிருந்து அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே இருக்கும் பாதுகாப்பான அளவுக் கணக்கைப் போட்டேன். மாறியையும் அகலமாக்கினேன். இனி கணக்கு எல்லை மீறினால், எவராலும் கொடுக்க முடியாத அளவு பெரிய எண் வரும், நினைவகம் கிடைக்காது, டிரைவர் பிழை சொல்லி விலகிவிடும். நாலாயிரத்துக்கு மேல் எண்ணிக்கை வந்தால் வாசலிலேயே மறுக்கும்படியும் செய்தேன். அதே மாதிரிப் பெருக்கல் வேறெங்கே இருக்கிறது என்று தேடினேன். பதினேழு இடங்கள். நான்கு என்னுடையவை.

திருத்தத்தைச் சரிபார்த்தது கெங்-ஹுவாதான். "சரியா இருக்கு" என்று மட்டும் எழுதினான். வசந்தத்தில் வேறு நிறுவனத்துக்குப் போனான். எல்லோரிடமும் நின்று பேசி விடைபெற்றவன், எனக்குத் தலையை மட்டும் அசைத்தான். என் பதவி உயர்வு நின்றுபோயிற்று.

முதியவரின் மகள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். என்ன நடந்தது என்று யாராவது புரியும்படி சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். பதில் எழுதக்கூடாது என்றார் எங்கள் வக்கீல். அதை மீறி, பெருக்கலைப் பற்றி, இரண்டு பக்கம், என் பெயரிலேயே அவளுக்கு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை.