ஒரே பக்கத்தில் இரண்டு போட்டோ

அப்துல் ஹமீத் பாய் பயங்கரவாதி இல்லை என்று நிரூபிக்க எனக்குப் பத்து வேலை நாள் கொடுத்தார்கள். எங்களிடம் ஷூ வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி, ஆட்களைச் சோதிப்பதற்காக வேறொரு கம்பெனியை வைத்திருக்கிறது. கெடு வைத்தது அந்தக் கம்பெனி. அங்கே மனிதர் யாராவது இருக்கிறார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மெயிலுக்குக் கீழே 'சரிபார்ப்புக் குழு' என்று மட்டும் போட்டிருக்கும்.

ஹமீத் பாய் எங்கள் ஆம்பூர் ஃபேக்டரியின் கட்டிங் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்றதும் மாதனூரில் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, முப்பத்திரண்டு பெண்களை வேலைக்கு வைத்து, எங்களுக்கே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறார். வேறு ஆர்டர் கிடையாது. இந்த வருஷம் வெளியில் தைத்துக் கொடுப்பவர்களின் விவரமும் வேண்டும் என்று கேட்டார்கள். ஷிப்பிங் பேப்பர் பார்க்கும் நான்தான் அனுப்பினேன். உலக நாடுகள் போட்ட பயங்கரவாதிகள் தடைப் பட்டியல் ஒன்றில் இருக்கும் ஒருவரோடு இவர் எண்பத்தேழு சதவீதம் ஒத்துப்போகிறார் என்று பதில் வந்தது. பெயர் அதே. பிறந்த தேதியும் அதே, 1964 ஜூன் 1. பத்து நாளில் சரியான விளக்கம் வராவிட்டால் அவருடைய யூனிட்டை நீக்கிவிட வேண்டுமாம்.

ஜூன் 1 என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் பக்கத்தில் அந்த வயதுக்காரர்களில் பாதிப் பேர், பள்ளிக்கூடம் திறக்கும் நேரமாகப் பார்த்துப் பிறந்தவர்கள். ஹெட்மாஸ்டர் போட்டதுதான் தேதி. இதை விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். குடும்பத்தில் இன்னொருவரின் அடையாள அட்டையை அனுப்பச் சொன்னார்கள். அவருடைய அண்ணன் மஜீத்தின் ஆதாரை வாங்கி, பார்க்காமலே அனுப்பிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அண்ணன் பிறந்தது 1964 ஜனவரி 10. இரண்டு பேரையும் ஒரே நாளில் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள், வாத்தியார் கைக்கு வந்ததை எழுதியிருக்கிறார். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஐந்து மாதம்கூட இடைவெளி இல்லை. ஆவணங்கள் முரண்படுகின்றன, ஒற்றுமை தொண்ணூற்றொரு சதவீதமாக உயர்த்தப்படுகிறது என்று மறுநாள் மெயில் வந்தது.

நிஜமாகவே எந்த வருஷம் பிறந்தார் என்று ஹமீத் பாய்க்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அது யாருக்கும்மா தெரியும்? மஜீதுக்கு ரெண்டு வருஷம் அப்புறம்னு எங்கம்மா சொல்லுவாங்க. மஜீது எப்ப பொறந்தான்னு கேட்டா, உனக்கு ரெண்டு வருஷம் முன்னாடிம்பாங்க."

சிரித்தார். பிறகு, யூனிட்டுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டார். நான் இருக்கும்போது என்ன பாய் என்றேன். இந்த வாய் இருக்கிறதே.

நான் படித்தது பாதுகாப்பு ஆய்வுகளில் எம்.ஏ. அதைப் படித்துவிட்டு ஷூ கம்பெனியில் என்ன செய்கிறாய் என்று கேட்காத ஆள் எங்கள் ஊர் பள்ளிகொண்டாவில் கிடையாது. பட்டியலில் இருக்கும் ஆள் யார் என்று நானே தேடி, இவர் வேறு என்று காட்ட முடிவு செய்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் படிப்புக்கு வேலை வந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். தேடுவதற்கு முன்பே, எதற்காகத் தேடுகிறேன் என்று மேனேஜர் சுந்தரமூர்த்தியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டேன். நாளைக்கு யாரும் இந்தப் பெண் ஏன் இதையெல்லாம் பார்த்தாள் என்று கேட்கக் கூடாது. தனி பிரவுசர் வைத்துக்கொண்டேன், சொந்தக் கணக்கு எதிலும் நுழையவில்லை. அந்த ஆள் இருந்த இயக்கத்தின் சொந்தப் பக்கங்களையும் வீடியோக்களையும் தொடவே இல்லை. பத்திரிகைச் செய்தி, நீதிமன்றக் குறிப்பு, மனித உரிமை அமைப்புகளின் அறிக்கை, இவ்வளவுதான். ஒரு தகவலை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாத இரண்டு இடத்திலாவது பார்க்காமல் குறித்துக்கொள்ளவில்லை. எதை எந்த நேரத்தில் எங்கே பார்த்தேன் என்று நோட்டு முழுக்க எழுதி வைத்தேன். எனக்கு ஒரு கீறல்கூட விழாதபடி பார்த்துக்கொண்டேன்.

மூன்று நாளில் அந்த ஆளின் அம்மா பெயர், படித்த பள்ளி, முதலில் பார்த்த வேலை எல்லாம் தெரிந்துவிட்டது. ஆள் வைத்துக் கொன்றவன், அவனுக்கு இவ்வளவு பேர் உட்கார்ந்து வரலாறு எழுதியிருக்கிறார்கள். முப்பது வருஷம் ஒரே கேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்த மனிதருக்கு ஒரு பிறந்த தேதி தேற்ற முடியவில்லை.

கடைசியில் வழி அந்தக் கையெழுத்திலேயே இருந்தது. பட்டியல் ஆள் 2011 மார்ச்சிலிருந்து பதினொரு மாதம் தன் நாட்டுச் சிறையில் இருந்திருக்கிறான். ஒன்றுக்கு மூன்று இடத்தில் அது பதிவாகியிருந்தது. அதே பதினொரு மாதம் ஹமீத் பாய் எங்கள் கட்டிங் பிரிவில் இருந்திருக்கிறார். குடோனில் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி, ஒரு நாள் முழுக்கத் தும்மி, கண்டுபிடித்தேன். ரம்ஜானுக்கு இரண்டு நாள் லீவு. மற்ற வேலை நாளெல்லாம் கையெழுத்து இருந்தது.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குள் அடக்கினேன். உச்சியில் 'பயங்கரவாதிகள் தடைப் பட்டியல்: அப்துல் ஹமீத்' என்று தலைப்பு. அதன் கீழே இடது பக்கம் அந்த ஆளின் போட்டோ, வலது பக்கம் ஹமீத் பாய் போட்டோ. நடுவில் சிறைத் தேதிகளும் பதிவேட்டுத் தேதிகளும். கீழே தடித்த எழுத்தில், 'இவர்கள் இருவரும் வெவ்வேறு நபர்கள்.' சுந்தரமூர்த்தி சாரின் கையெழுத்துக்காக மாடி பிரிண்டரில் போட்டேன். தாள் சிக்கிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இருந்த இன்னொரு பிரிண்டரில் கொடுத்தேன், வந்தது, எடுத்துக்கொண்டு ஓடினேன். சார் பார்த்துவிட்டு, போட்டோ வைத்தது நல்ல யோசனை, பார்த்ததுமே வித்தியாசம் தெரிகிறது என்றார். கையெழுத்துப் போட்டார், உடனே அனுப்பிவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, 'பள்ளிகொண்டா ரூட்' வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. இரண்டு முகம், மேலே தடைப் பட்டியல் என்ற தலைப்பும் ஹமீத் பாயின் பெயரும். கீழ்ப்பாதி இல்லை. 'நம்ம மாதனூர் பாய்தானே இது? உஷார்' என்று எழுதியிருந்தது. பலமுறை ஃபார்வர்ட் ஆனது என்ற குறியும் அதற்குள் விழுந்துவிட்டது.

இரத்தம் கொதித்தது. எந்த முட்டாள் செய்த வேலை என்று, பழக்கதோஷத்தில் படத்தைப் பெரிதாக்கி மூலத்தைத் தேட ஆரம்பித்தேன். மேஜை மேல் வைத்து எடுத்த காகிதம். குழல்விளக்கு வெளிச்சம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழே மெல்லிய கறுப்புக் கோடு. நாலு மாதமாக நான் மாற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும் எங்கள் மாடி பிரிண்டரின் தேய்ந்துபோன டிரம் உருளை போடுகிற கோடு அது. சிக்கிய தாளை நான் எடுக்கவே இல்லை. யாரோ வெளியே இழுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் முன்னும் பின்னும் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் சுந்தரமூர்த்தி சாரிடம் ஒப்புக்கொண்டேன். பதில் வரும்வரை வாயைத் திறக்காதே, திறந்தால் ரகசியக் காகிதத்தை வெளியே விட்டது யார் என்ற கேள்வி வரும், உன் வேலை போகும் என்றார். வேலைக்குப் பயந்து நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எல்லாரையும் எடுத்தெறிந்து பேசுகிற நான்.

ஒன்பதாம் நாள் மெயில் வந்தது. இரண்டே வரி. ஒற்றுமை ரத்து செய்யப்படுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம். அதை அச்செடுத்துக்கொண்டு மதியம் ஷேர் ஆட்டோ பிடித்து மாதனூருக்குப் போனேன்.

யூனிட்டில் பாதி மிஷின்கள் உறை போட்டு இருந்தன. முப்பத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். வீட்டில் அனுப்பவில்லையாம். கட்டடத்துக்காரர் ரத்தினசாமி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி, மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லியிருந்தார். ஹமீத் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெயிலை எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு தன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார்.

"இந்த ரெண்டு போட்டோவ ஒண்ணா யாரும்மா வெச்சது?"

"நான்தான் பாய்."

"அவங்க கேட்டாங்களா?"

"இல்ல பாய். யாரும் கேக்கல."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிரிண்டர், சிக்கிய தாள், நான்கு நாள் பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்தது, அதைவிட என் மேலேயே ஆத்திரம் வந்தது. இந்த மெயிலை நான் எல்லாருக்கும் காட்டட்டுமா என்று கேட்டேன். அவரிடம் நான் எதற்காகவும் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

காகிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"காட்டும்மா. போட்டோ மட்டும் வேணாம்."

ஆபீசுக்குத் திரும்பியதும் குழுவில் எழுதினேன். அந்தப் பக்கத்தைத் தயாரித்தது நான், அதன் கீழ்ப்பாதியில் இருப்பது இது, இன்று வந்த பதில் இது என்று. குழுவை நடத்தும், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் செல்வகுமார் உடனே பதில் போட்டார்: 'ஆபீஸ் மேட்டர் இங்க வேணாம். பஸ் டைமிங் மட்டும் போடவும்.' அந்தப் படம் மேலே அப்படியே இருந்தது. அந்தப் படத்தைப் போட்டபோது அது என்ன பஸ் டைமிங்கா என்று கேட்டு, நான் எழுதியதையே மறுபடி அனுப்பினேன். மூன்றாம் தடவை அனுப்பினால் போகவில்லை. என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்.

மாடிக்குப் போனேன். நான் எழுதியதையும் வந்த மெயிலையும் ஒரே தாளில் போட்டு, குழுவில் இருந்த நாற்பத்தாறு பேருக்கும் நாற்பத்தாறு பிரதி எடுத்தேன். கீழே 'பாரதி, ஷிப்பிங் பிரிவு' என்று என் பெயர் இருந்தது. ஒவ்வொன்றிலும் இடது ஓரத்தில் அதே கறுப்புக் கோடு. கடைசித் தாள் வந்து விழும்வரை பிரிண்டர் பக்கத்திலேயே நின்று எண்ணி எடுத்துக்கொண்டேன். நாளைக் காலை ஏழு பத்துக்குப் பஸ் வரும். செல்வகுமார் முன் சீட்டில் உட்காருவார், தாளைக் கொடுப்பதை அவரிடமிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.