கரை மாறிய வேட்டி

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்றதும் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. தணிகாசலம்தான் ஊரைத் திரட்டினார். அளக்க வந்த ஜீப்பை மறித்து, அஞ்சம்மாளின் கழனியில் அவள் புருஷன் குப்புராஜோடு உட்கார்ந்தார். போலீஸ் இருவரையும் பிடித்தது. தணிகாசலத்தைச் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். குப்புராஜ் ஜெயிலில் காசநோய் பிடித்து, வெளியே வந்த கொஞ்ச நாளில் செத்துப்போனான்.

அடுத்த வருஷம் தணிகாசலம் ஆளுங்கட்சியில் சேர்ந்தார். 1973-இல் நிலம் அளப்பவர்களைப் போலீஸ் காவலோடு அவரே கழனிக்கு அழைத்து வந்தார்.

“தகராறு பண்ணாதம்மா. கம்பெனி வந்தா உம் புள்ளைக்கு வேலை வாங்கித் தரேன்.”

“எம் புருஷன் யாரு பேச்சக் கேட்டுக்கினு ஜெயிலுக்குப் போனாரு?” என்றாள் அஞ்சம்மாள்.

“அப்போ நெலமை வேற.”

“அவரு சாவுக்குக்கூட நீ வரல. இப்ப வேற கரை வேட்டி கட்டிக்கினு வந்து நிக்கற. எங் கழனிய உட்டு வெளிய போ.”

கூடியிருந்த ஊர்க்காரர்கள் யாரும் அவளை அடக்கவில்லை. தணிகாசலம் போலீஸ்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் அவளை இழுத்து ஓரமாக நிறுத்தினார்கள். நட்ட பயிரை மிதித்துக்கொண்டு அளவு நடந்தது.

அடுத்த தேர்தலில் அந்த ஊரில் ஒருவரும் அவருக்கு ஆரத்தி எடுக்கவில்லை. மற்ற ஊர் ஓட்டுகளில் அவர் ஜெயித்தார். அஞ்சம்மாள் தன் மகனைக் கடைசிவரை அந்தக் கம்பெனி வாசலுக்கு அனுப்பவில்லை.