டிஸ்க் சொன்ன பதில்

கரண்ட் திரும்பி வந்ததும் கம்ப்யூட்டரில் தேடினேன். கடைசியாக ஏற்றிய முடிவுகள் மட்டும் இல்லை. முடிவு ஏறியதும் ரத்தக் குப்பியைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவது எங்கள் பரிசோதனைக்கூடத்து வழக்கம். எனவே குப்பிகளும் இல்லை.

"சேவ் அமுக்கினியா?" என்றான் அண்ணன். பெரியம்மா மகன். இங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன், எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன்.

"அமுக்கினேன்ணா. பச்சை டிக் வந்துச்சே."

"நல்லா யோசி. வீட்டைப் பூட்டிட்டு பாதித் தெருவுல இருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாக்கற ஆளு நீ."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அமுக்கியதாக நினைத்துக்கொண்டேனோ? மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்றார். அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

மாலையில் நான் படிக்கப் போகும் கம்ப்யூட்டர் வகுப்பில் ஆசிரியரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். முடிவுகளைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸ் கொடுப்பதை டிஸ்க் முதலில் தன் சின்ன நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "எழுதியாச்சு" என்று சொல்லிவிடுமாம். நிஜமாக எழுதுவது அப்புறம்தான். அதற்குள் கரண்ட் போனால் அவ்வளவுதான். அப்படி நடக்காதிருக்க, உடனே எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு எல்லாக் கம்ப்யூட்டரிலும் உண்டு. யாராவது வேண்டுமென்றே நிறுத்தினால்தான் நிற்கும்.

மறுநாள் காலை டிஸ்க்கின் அமைப்புகளைத் திறந்தேன். அந்த ஏற்பாட்டை நிறுத்துவதற்கான கட்டத்தில் டிக் இருந்தது. 'மின்தடையின்போது தகவல் இழக்க நேரிடலாம்' என்ற எச்சரிக்கை அதன் கீழேயே இருந்தது.

"மேனேஜர் 'ஸ்லோ, ஸ்லோ'ன்னு உயிரை எடுத்தாரு. டிக் போட்டேன், பறந்துச்சு," என்றான் அண்ணன், குரலைத் தாழ்த்தி.

"நேத்து உனக்குத் தெரியுமா?"

"கரண்ட் போனப்பவே தெரியும்." என்னைப் பார்க்காமல் சொன்னான். "நீ புதுசு, திட்டிட்டு விட்டுருவாங்க. என்னை விடுவாங்களா? மூடு அதை. எங்கம்மாகிட்ட எதுவும் உளறிடாதே."

டிஸ்க்குக்காவது சொல்வது பொய் என்று தெரியாது. ராத்திரி முழுக்க நான் என் விரலையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்தேன். இவன் நன்றாகத் தூங்கியிருப்பான்.

நேற்று ரத்தம் கொடுத்த பெரியவர் ஒருவர் மறுபடி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊசி குத்திய இடம் நீலம் பாய்ந்து வீங்கியிருந்தது.

"மறுபடியும் ஏம்மா வரச் சொன்னீங்க?"

"பொண்ணு புதுசுங்க, சேவ் பண்ண மறந்துடுச்சு," என்றான் அண்ணன், சிரித்தபடி.

"பரவால்ல, சின்னப் பொண்ணுதானே," என்று அவர் அடுத்த கையின் சட்டையைச் சுருட்டத் தொடங்கினார்.

மேனேஜர் உள்ளே வந்துகொண்டிருந்தார். அந்த டிக் இன்னும் தெரிந்துகொண்டிருந்த திரையை நான் வாசல் பக்கம் திருப்பினேன். அண்ணனின் கை மௌஸை நோக்கி வந்தது. அதன் மேல் ஏற்கெனவே என் கை இருந்தது. மேனேஜர் குனிந்து, கண்களைச் சுருக்கி, மூக்குக் கண்ணாடிக்காகச் சட்டைப் பையைத் துழாவினார்.