கத்திரிக்காய் கலரும் ஒரு பேட்சும்

தடாலென்று கதவு திறந்த சத்தத்தில் ஜெஸ்டன் நாற்காலியோடு அரை அடி பின்னால் உருண்டான்.

"இன்னாப்பா இது? இன்னா இது?"

முதலாளி மக்பூல் அகமது ஒரு ஃபேக்ஸ் தாளைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு நின்றார். அவர் பின்னால் எக்ஸ்போர்ட் மேனேஜர் இன்பசேகரன். அவர் முகத்தில் மட்டும் கோபத்தோடு வேறு ஏதோ கலந்திருந்தது.

ஃபேக்ஸ் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது. இந்த ஆம்பூர் கம்பெனியில் வருடக்கணக்காக ஷூ வாங்குகிற வாடிக்கைக்காரர், ஆர்டர் கொடுப்பதற்காகக் கம்பெனி வெப்சைட்டைத் திறந்து ஒரு ஷூவைத் தேடியிருக்கிறார். திரையில் இங்கிலீஷில் வந்தது இதுதான்: 'நீ யார் என்று எங்களுக்குத் தெரியும். மரியாதையாக ஓடிப் போ.'

"ஆர்டர் குடுக்க வந்தவனைப் பார்த்து ஓடிப் போன்னு சொல்லுவியா?"

"அது அவருக்கு இல்ல சார். திருடனுங்களுக்கு."

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம். உலகத்து வெப் சர்வர்களையெல்லாம் வைரஸ்கள் சல்லடையாகத் துளைத்துக்கொண்டிருந்தன. கம்பெனி சர்வரில்தான் ஷூ படங்கள் எல்லாம் இருந்தன. பாஸ்வேர்ட் கொடுத்தால் மட்டும் தெரிகிற விலைகளும் இருந்தன. திருட்டுத்தனமாக உள்ளே நுழையப் பார்த்த கோரிக்கைகளை ஜெஸ்டன் ஆராய்ந்தான். எல்லாவற்றிலும் சதவீதக் குறி கொசு மாதிரி மொய்த்தது. முந்தாநாள்தான் உட்கார்ந்து, ஓட்டையை அடைக்கிற ஒட்டு மாதிரி சர்வருக்கு ஒரு பேட்ச் எழுதினான். சதவீதக் குறியோடு எவன் வந்தாலும் கழுத்தைப் பிடித்துத் தள்ளு என்பதே அதன் சாரம். அதோடு விட்டிருக்கலாம். திருடன் பயப்பட வேண்டுமே என்று அந்த வசனத்தையும் சேர்த்தான்.

"நாலு மணிக்கு அவன் திரும்பத் திறப்பான்" என்றார் முதலாளி. "அப்பவும் திட்டு வாங்குனான்னா, நீ வீட்டைப் பார்த்துப் போய்டு."

"நாலு மணி வரைக்கும் எதுக்கு பாய்? இப்பவே அனுப்பிடுங்க" என்றார் இன்பசேகரன். "இவன் இருக்கிறது கம்பெனிக்கே ஆபத்து."

வேலூரில் நர்ஸாக இருக்கும் ஃபீபிக்கும் ஜெஸ்டனுக்கும் டிசம்பரில் கல்யாணம். கம்ப்யூட்டர் வேலை என்ற ஒரே காரணத்துக்காகத் தலையாட்டியவர் ஃபீபியின் அப்பா.

அவர்கள் போனதும் வெப்சைட்டைத் திறந்து, தேடும் கட்டத்தில் 'கத்திரிக்கா' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தான். ஊதா நிற ஷூ அழகாக வந்து நின்றது. 'வெங்காயத்தோல்' என்று அடித்தான். அதுவும் வந்தது. எங்கே கோளாறு?

அந்தத் தொழிற்சாலையில் எந்த நிறத்தையும் முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தோலுக்குச் சாயம் ஏற்றும் பிரிவின் சர்தார் பாஷா ஒரு பார்வை பார்த்து, காய்கறிக் கடையிலிருந்து ஒரு பெயர் வைப்பார். அதுவே ஆபீஸ் வரை ஓடும். ஆபீஸ்காரர்களுக்காக அந்தப் பெயர்களையும் சர்வரில் ஏற்றி வைத்தவன் ஜெஸ்டன்தான்.

"எங்க, நான் பார்க்கிறேன்" என்று பக்கத்து சீட்டு ஜெஸி அக்கா கீபோர்டை இழுத்து ஏதோ அடித்தாள். மறு விநாடி புருவம் ஏறியது.

"டேய், நான் யாருன்னு தெரியுமாம்டா! நாலு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன், இப்பதான் தெரிஞ்சுதாமா?"

"நீங்க இன்னா அடிச்சீங்க?"

"ஜெர்மனிக்காரன் எழுதுற பேருதான். டீப் ஆபர்ஜின் கோட் ஸ்வேட். நம்ம கத்திரிக்கா கலர் ஆட்டுத்தோல்தான்."

ஜெஸ்டன் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ! வார்த்தைக்கு நடுவுல இடம் விட்டா, பிரௌசர் அந்த இடத்துல சதவீதக் குறி போட்டு அனுப்பும்க்கா. என் பேட்ச் அதைப் பார்த்துத் துரத்துது."

"அப்போ ஒரு வார்த்தையில கேட்டா கஸ்டமர், நாலு வார்த்தையில கேட்டா திருடனா?" ஜெஸி யோசித்தாள். "அவனுக்கு போன் போட்டு, கத்திரிக்கான்னு அடிக்கச் சொல்லிடலாமா?"

"சும்மா இருங்கக்கா, கல்யாணமே நின்னுடும் போலிருக்கு."

சதவீதக் குறியைப் பார்த்ததும் பாயாமல், அது எந்த எழுத்துக்குப் பதிலாக நிற்கிறது என்று முதலில் பிரித்துப் படி, அப்புறம் சந்தேகப்படு என்று பேட்சைத் திருத்தினான். பழைய திருட்டுக் கோரிக்கைகளை அவனே அனுப்பிப் பார்த்தான், வெளியே விழுந்தன. ஜெஸியின் ஆபர்ஜின் உள்ளே போனது. வசனத்தையும் அழித்துவிட்டு, 'மன்னிக்கவும், இந்தப் பக்கம் கிடைக்கவில்லை' என்று அடக்கமாக எழுதினான்.

நாலரை மணிக்கு ஃபேக்ஸ் மிஷின் கரகரத்தது. ஆர்டர்! முதலாளியின் முகத்தில் நோன்புப் பெருநாள் களை.

"பொழைச்சே. இனிமே திருடனையும் வாங்க போங்கன்னு பேசு."

"பாய், ஆர்டர் வந்துச்சுன்னு இவனை விட்டுடாதீங்க" என்றார் இன்பசேகரன்.

"உனக்கு இன்னா பேஜார் இன்னிக்கு? போய் வேலையைப் பாரு, இன்பா."

ஐந்து மணிக்கு ஜெஸி கிளம்பிப் போனாள். சற்று நேரத்தில் கம்ப்யூட்டர் அறைக் கதவு பூனை நுழைகிற மாதிரி திறந்தது. இன்பசேகரன். கையில் ஒரு பெட்டி ஆற்காடு மக்கன் பேடா. கதவைச் சாத்தினார். பெட்டியை மேஜையில் வைத்தார். இதுவரை ஜெஸ்டனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாதவர், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், எல்லாம் சரியாயிடுச்சு சார்" என்றான் ஜெஸ்டன் பயந்துபோய்.

இன்பசேகரன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அது கெடக்கட்டும் தம்பி. நேத்து ராணிப்பேட்டை பிரௌசிங் சென்டர்ல, அந்தப் போட்டிக் கம்பெனிக்காரனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நம்ம ரேட்டைத் திறந்து காட்டப் பார்த்தது நான்தான்னு உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?"