கடை திறக்கும் முன்

1.

இந்தக் கதை ஒரு கறுப்பு பீர் போத்தலிலிருந்து வந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

போன வருடம் பாடாங் செராயில் நளினி அக்கா வீட்டில் அவருடைய தாத்தாவுக்குப் படையல். இறந்தவருக்குப் பிடித்ததை வைப்பதுதானே நம் வழக்கம். ஆட்டுக்கறி, அவித்த முட்டை, சுருட்டு, நடுவில் அந்தப் போத்தல். நான் சாப்பிடப் போனவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“தாத்தா நல்லாக் குடிப்பாராக்கா?”

“பின்ன? நாப்பத்தெட்டுல, வெள்ளைக்காரன் காலத்துல, ரப்பர் தோட்டத்துல பெரிய கலாட்டா இல்ல, அப்ப குடிச்சிட்டுப் போலிஸ்கிட்ட வம்பு பண்ணாராம். கள்ளுக்கடை வாசல்லயே சுட்டுட்டாங்க. பாவம்லா, கடைகூட இன்னும் தெறக்கல. தொண்டை நனைக்காமயே போய்ச் சேந்துட்டாரு. அதான் வருஷா வருஷம் வைக்கிறோம்.”

பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. குடித்துவிட்டு வம்பு செய்தார். கடை இன்னும் திறக்கவில்லை. இரண்டையும் அக்கா ஒரே மூச்சில் சொல்கிறார். எழுபது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் எல்லோரும் ஒரே மூச்சில்தான் சொல்லி வந்திருக்கிறார்கள்.

வேறெங்காவது குடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் வழக்குப் போட்டிருப்பேன். தெரியாததால் கதை எழுதுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: “ரப்பர் மரங்களுக்கிடையே பனி இறங்கிய அந்த—” (அடித்துவிட்டேன். பனியும் ரப்பர் மரமும் போதும்.)

இரண்டாம் தொடக்கம்: “புரட்சி என்பது—” (எனக்கென்ன தெரியும்? கூலிம் ஹைடெக் பூங்காவில் கணினிச் சில்லு சோதிக்கிறவள் நான்.)

மூன்றாம் தொடக்கம்: “நாற்பத்தெட்டாம் ஆண்டுக்குள் ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது.”

இது இருக்கட்டும். வருங்காலத்து வேன். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கேமராவோடு ஆட்கள் இறங்குகிறார்கள். தோட்டத்துக்கு ஈச்சமரத் தோட்டம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். வழிகாட்டி மனோகரன் குடையைத் தூக்கிப் பிடிக்கிறான்.

“லெஃப்ட்ல பாருங்க, தோட்டத்துத் தொண்டர் படை கம்பு சுத்திப் பழகுறாங்க. அந்தாண்ட தொரை பங்களா, நேத்து கல்லடிச்சுட்டாங்க. கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரங்க காட்டுக்குள்ள இருக்காங்க, அங்க போக முடியாதுலா, இன்சூரன்ஸ் இல்ல. எதையும் தொடக்கூடாது, யாருக்கும் எதுவும் சொல்லக்கூடாது. கள்ளுக்கடை மறியல் நடக்குது, அங்கதான் போலிஸ் சுடுவாங்க. டாய்லெட் போறவங்க இப்பவே போய்ட்டு வந்துருங்க.”

இவனைப் படைத்தவள் நான்தான். ஆனாலும் செவிட்டில் அறையவேண்டும்போல் இருக்கிறது.

3.

வேனில் நளினி அக்காவின் மகன் லோகேஸ்வரனையும் ஏற்றிவிட்டேன். என்னோடு வேலை செய்கிறவன். அவனைக் கேட்கவில்லை. பெரியவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. கொள்ளுத்தாத்தாவுக்காகப் பையில் கறுப்பு பீர் எடுத்து வந்திருக்கிறான். வேறென்ன எடுப்பான்? அவரைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரிந்தது அது ஒன்றுதான்.

கடைக்குப் போகும் பாதையில் ஆண்களும் பெண்களும் கைகோத்து நிற்கிறார்கள். வரிசையின் ஓரத்தில் அந்தக் கொள்ளுத்தாத்தா, குழந்தைவேலு. லோகேஸ்வரனைவிடச் சின்னவர்.

“தாத்தா…”

“யாருக்குண்ணே தாத்தா? இப்பத்தான் எனக்குப் பையனே பொறந்திருக்கான்.”

லோகேஸ்வரன் போத்தலைத் திறந்து நீட்டினான். “உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னு…”

குழந்தைவேலு முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “தொரை குடுக்கிற கூலிய இந்தக் கடைய வெச்சே திருப்பிப் புடுங்கிக்கிறான். அத மூடச் சொல்லித்தான் நிக்கிறோம். நீ என்னடான்னா சீமைச்சரக்கத் தூக்கிட்டு வந்துருக்கியே. வெக்கமா இல்ல?”

4.

இனி முடிவு.

(அ) குழந்தைவேலு போத்தலைத் தட்டிவிடுகிறார். பீர் அவர் சட்டையில் கொட்டுகிறது. சுடுகிறார்கள். சீருடைக்காரன் ஒருவன் குனிந்து பிணத்தை முகர்ந்து, “குடித்திருக்கிறான்” என்று எழுதிக்கொள்கிறான். வட்டம் மூடிவிட்டது.

இதைச் சொன்னதும் என் எழுத்தாள நண்பர்கள் கைதட்டினார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இந்த முடிவில் சுட்டவன் தப்பிவிடுகிறான், பழி எங்கள் பையன் தலையில் விழுகிறது. பொய் சொல்ல அவர்களுக்கு வாடையா தேவைப்பட்டது? சட்டை துவைத்துக் காய்ந்ததாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அடித்துவிட்டேன்.

(ஆ) “சுடப் போறாங்க, ஓடிடுங்க” என்கிறான் லோகேஸ்வரன். “நான் ஓடுனா இந்தக் கையை யாருண்ணே புடிக்கிறது?” என்று குழந்தைவேலு பக்கத்தில் நிற்பவளைக் காட்டுகிறார். அவரைத் தூக்கிக் காட்டுக்குள் போட என்னால் முடியும், எழுதுகிறவள் நான். ஆனால் அந்த இடத்தில் வேறொருவர் விழுவார். வேறொரு வீட்டுப் படையலில் போத்தல் ஏறும்.

(இ) சுட்டார்கள். சுற்றுலாக்காரர்கள் கேமராவை—

முடியவில்லை.

5.

எழுதிய வரைக்கும் நளினி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். (அ) வரும்போதே கையைக் காட்டி நிறுத்தினார்.

“கடை தெறக்கலன்னு நான்தானே சொன்னேன்?”

“ஆமாக்கா.”

“அப்ப அவனுங்க சொன்ன பொய்ய இத்தன வருஷமா நாங்களே அவரு வாயில ஊத்துனோமா?”

“தெரியலக்கா. இது கதை.”

“கதைதான் உன்னோடது. கடை தெறக்காதது கதையில்லலா.”

பிறகு அழுதார். “அப்பா இருந்தவரைக்கும் அவரு கையாலதான் ஊத்துவாரு. பெத்தவர் மொகத்தப் பாக்காத புள்ள. அந்தப் போத்தல்தான் அவருக்கு அப்பா. அத எப்படிடி எடுப்பேன்? எப்படி வைப்பேன்? நீதானே கெளறிவிட்ட, நீயே முடிவு சொல்லு.”

சொல்லமாட்டேன். எனக்குக் கோபம் மட்டும்தான் இருக்கிறது. கோபத்தை வைத்து இன்னொரு வீட்டுப் படையலில் நான் கைவைக்க முடியாது. அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவள் நான்.

இன்று மறுபடியும் படையல். இலை போட்டாயிற்று. கறி, முட்டை, சுருட்டு வைத்தாயிற்று. நடுவில் இடம் காலியாக இருக்கிறது. லோகேஸ்வரன் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த போத்தலை இலைக்கு வெளியே வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்கிறான். அக்கா என்னைப் பார்க்கிறார்.

நான் உங்களைப் பார்க்கிறேன். நீங்களும் அந்த வேனில் வந்தவர்கள்தானே? இவ்வளவு நேரம் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தீர்கள். எதையும் தொடக்கூடாது, எதுவும் சொல்லக்கூடாது என்று உங்களுக்கும் சொல்லித்தான் அழைத்து வந்திருப்பார்கள்.

சூடம் கொளுத்தப் போகிறார்கள். இலையில் வைக்கவோ எடுத்துப் போகவோ, அந்தப் போத்தலை யாராவது தொட்டாக வேண்டும்.