பன்னிரண்டு வெள்ளைக் கோடுகள்

1

இந்தக் கதையை நான் பத்து மாதம் சுமந்து பெற்றதாகச் சொல்லிக்கொள்ளலாம். பொய். டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றில் 'தர வாரம்' கொண்டாடினார்கள். பதாகைக்கு வாசகம் எழுதக் கூப்பிட்டார்கள். 'இறுக்கமே எங்கள் ஒழுக்கம்' என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் கண்கலங்கினார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் தொடக்கம்: எஞ்சின் என்பது இரும்பின் இதயம், அதன் ஒவ்வொரு துடிப்பிலும் மானுடத்தின்...

(போதும். இதயமாம்.)

இரண்டாவது தொடக்கம்: அவளுக்குப் பயமாக இருந்தது.

இதுவே இருக்கட்டும்.

2

அவள் ஃபிட்டர். அங்கே எல்லோருக்கும் அக்கா; ஒன்பது வயது மூத்த ஃபோர்மேனுக்கும் அக்காதான். பஸ், லாரி எஞ்சின்களைப் பிரித்து, தேய்ந்ததை அளந்து, மாற்றிப் பூட்டுவது வேலை.

ஒரு எஞ்சினுக்கு ஆறு பிஸ்டன். அவற்றைக் கீழே சுழலும் தண்டோடு பிடித்துவைப்பவை ஆறு கனெக்டிங் ராடுகள். ராடுக்கு இரண்டு போல்ட். அளவு வைத்து இறுக்கும் ஸ்பேனரால் முறுக்கினால் 'டக்' என்று கேட்கும். கேட்டபிறகு போல்ட்டின் தலையில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். படம்பிடித்து, மூடி, கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அவள் ஆறு வருடமாக முதலில் பன்னிரண்டு கோட்டையும் போட்டுவிடுவாள். அப்புறம் வரிசையாக இறுக்குவாள். பேனாவையும் ஸ்பேனரையும் மாற்றி மாற்றி எடுக்கிற தொல்லை இல்லை.*

* நானும் தலைப்பை வைத்துவிட்டுக் கதை எழுதுகிற ஆள்தான். ஆனால் என் கதையால் யாரும் மலையிலிருந்து உருண்டதில்லை. தூங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

3

தர வாரத்தில் ஒருநாள், ஒரு பஸ் எஞ்சினில் ஒன்பதாவதோ பத்தாவதோ போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து ஃபோர்மேன் கத்தினார்: "அக்கா, போட்டோவுக்கு வாங்க!"

[அந்த வரியை அடித்துவிடுகிறேன். கத்தியது நான். "ஸ்பேனரோட வாங்கம்மா, படத்துல எடுப்பா இருக்கும்" என்றதும் நான்தான்.]

என் பதாகைக்குக் கீழே நின்றாள். சிரித்தாள். மேலாளர் தரத்தைப் பற்றி இருபது நிமிடம் முழங்கினார். (அதுவும் நான் எழுதியது.) திரும்பி வந்து பார்த்தால், பன்னிரண்டு தலையிலும் கோடு. படம் எடுத்தாள். அடியில் எண்ணெய்த் தொட்டியை மாட்டி மூடினாள். கையெழுத்துப் போட்டாள்.

ஐந்தாம் நாள் அந்தக் குரூப் போட்டோவை நான் அறிவிப்புப் பலகையில் குத்திக்கொண்டிருந்தேன். டீயோடு வந்தவள் அதைப் பார்த்தாள். வேலை முடிந்தால் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறவள் அவள். படத்தில் அது கையில் இருக்கிறது.

அப்படியானால் வேலை முடியும் முன்பே எழுந்து வந்திருக்கிறாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார், நீங்க கூப்பிட்டப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"ஏதோ முறுக்கிட்டிருந்தீங்க."

"எத்தனையாவது?"

எனக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் கோட்டை முதலிலேயே போட்டுவிடும் விஷயத்தைச் சொன்னாள். என்னிடம் மட்டும்.

4

"அந்த எஞ்சினை ஒரு தடவ திறந்து பாத்துடலாமா?" என்று ஃபோர்மேனிடம் கேட்டாள்.

அவர் கோடுகளின் படத்தை நீட்டினார். "எண்ணிக்கோங்க. பன்னெண்டு. உங்க கோட்டையே நீங்க நம்பலைன்னா நாங்க எங்க போறது, அக்கா?"

கோடு பொய் என்று சொல்லலாம். ஆனால் இந்த ஒரு எஞ்சினில் மட்டும் பொய்யாகாதே. ஆறு வருடம், இருநூறுக்கு மேல் எஞ்சின். நடுவில் எத்தனை தடவை யார் யார் கூப்பிட்டார்களோ! அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்த எஞ்சின் ஏறிய பஸ்ஸை ஓட்டுவது அவள் கொழுந்தன். மலைப்பாதை. ஏற்றத்தில் போல்ட் கழன்றால் ராடு எஞ்சின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கொதிக்கும் எண்ணெய் புகைக்குழாயில் பட்டால் தீ.

5

முடிவு அ: பஸ் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. மறுநாளும் அவள் கோட்டை முதலில் போடுகிறாள்.

முடிவு ஆ: மூன்றாவது வளைவில்

எழுத மாட்டேன்.

முடிவு இ: என் பக்கத்தில் நின்றபடி கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க அண்ணி! அடிவாரத்துல நிக்கிறேன், ஆள் ஏறிட்டிருக்கு. நீங்க பூட்டின எஞ்சின் பூ மாதிரி போகுது போங்க!"

அவன் குரலுக்குப் பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. போனைக் காதோடு அழுத்தினாள். நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று தெரியவில்லை.

"தம்பி, அணைச்சிடு."

"என்னது?"

"வண்டிய அணைச்சிட்டு எல்லாரையும் எறக்கு."

சத்தம் நின்றது. அண்ணி சொன்னால் செய்துவிட்டுத்தான் கேட்பான்.

"அணைச்சாச்சு. ஏன் அண்ணி?"

என்ன சொல்வது என்று அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரு வாசகம் வைத்திருப்பவன் நான். 'எண்ணெய் ஒழுகுதாம்' என்று சொன்னால் போதும்: இந்த பஸ்ஸில் இருப்பவர்கள் தப்பித்தார்கள், அவள் வேலை தப்பித்தது, கூப்பிட்ட நானும் தப்பித்தேன். உண்மையைச் சொன்னால் அவள் பூட்டிய இருநூறு எஞ்சினையும் நிறுத்தியாக வேண்டும்.

என்னை எழுதவிட்டால் நான் 'எண்ணெய் ஒழுகுதாம்' என்றுதான் எழுதுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் அவள் பதிலை நீங்கள் எழுதுங்கள். நீங்கள் தினமும் ஏறுகிற பஸ்ஸின் எஞ்சினை யார் பூட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

சீக்கிரம். அவன் இன்னும் லைனில்தான் இருக்கிறான்.